அந்த பீக் யாருடையது? நிறை நிறமாலையில் தடுமாறும்போது அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

நிறை நிறமாலையின் கிடை அச்சில் இருப்பது எம்/இசட்: அயனியின் நிறையை அதன் மின்னூட்டத்தால் வகுத்து வரும் எண். பீக்கின் தலையில் அச்சாகியிருக்கும் அந்த எண்ணைப் பலரும் அப்படியே மூலக்கூறு எடையாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் மாதிரியிலிருந்து வந்திருக்கலாம். கருவிக்குள் கசியும் காற்றிலிருந்தோ, பிளாஸ்டிக் பிப்பெட்டிலிருந்தோ, கைக்கு விடிகாலையில் தடவிய கிரீமிலிருந்தோகூட வந்திருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: எதை மாற்றினால் இந்த பீக் போகும்? உங்கள் சந்தேகம் சரியென்றால் போக வேண்டிய பீக் போகாமல் நின்றாலும், அதுவும் ஒரு பதில்தான். முதல் பெரும்பகுதி வேதிச் சேர்மங்களுக்கு. கடைசியில் துகள் இயற்பியலின் நிறை வரைபடங்களுக்கும் வருகிறேன். அங்கேயும் நோய் இதேதான், மருந்தும் ஏறக்குறைய இதேதான்.

மாதிரி எதுவும் செலுத்தவில்லை, ஆனாலும் பீக்குகள் நிற்கின்றன

மாதிரியை ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் 18, 28, 32, 40, 44 ஆகிய எண்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். தண்ணீர், நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான், கார்பன் டைஆக்சைடு. கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றி. 28-ம் 32-ம் ஏறக்குறைய 4:1 விகிதத்தில் சேர்ந்தே உயர்ந்தால் அது காற்று. எங்கோ கசிவு. 18 மட்டும் உயர்ந்து நின்றால் பெரும்பாலும் கருவியைச் சமீபத்தில் திறந்து மூடியிருப்பீர்கள். வெற்றிடப் பம்பை ஓடவிட்டுக் காத்திருந்தால் இறங்கும்.

கசிவைப் பிடிக்க எளிய வழி: 40-ஐ மட்டும் கண்காணிக்க வைத்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் மேலும் மெல்லிய குழாயால் கொஞ்சம் ஆர்கான் ஊதுங்கள். எந்த இடத்தில் ஊதும்போது கோடு துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை. சேர்மங்களைப் பிரிக்கும் கேப்பிலரி குழாயைப் புதிதாக மாட்டியிருந்தால் நிறைமானிக்குள் நுழையும் இணைப்பின் நட்டை முதலில் பாருங்கள். கிராஃபைட்டும் பாலிஇமைடும் கலந்த ஃபெரூல் (நட்டுக்குள் இருக்கும் அடைப்பு வளையம்) சில முறை சூடாகி ஆறியதும் சுருங்கிவிடும். நேற்று இறுக்கியது இன்று தளர்ந்திருக்கும்.

73, 207, 281, 355 என்று வந்தால் சிலாக்ஸேன். கேப்பிலரி குழாயின் உள்பூச்சு சூட்டில் மெதுவாகச் சிதைந்து வளையச் சிலாக்ஸேன்களாக வெளியேறுகிறது. பீக் பீக்காக இல்லாமல், அடுப்பின் வெப்பநிலை ஏற ஏற அடிக்கோடே மேலே போனால் அது குழாயின் உள்பூச்சு சிதைந்து வருவது, காற்றுக் கசிவு அல்ல. தனித்தனி பீக்குகளாக வந்தால் ஊசி நுழையும் ரப்பர் செப்டத்தையோ, குப்பியின் மூடியையோ சந்தேகியுங்கள். எதையும் செலுத்தாமல் வெப்பநிலை நிரலை மட்டும் ஒருமுறை ஓட்டினால் குப்பி குற்றவாளியா இல்லையா என்பது தெரிந்துவிடும். அப்புறம் செப்டத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

149 மேலோங்கி நின்றால் தாலேட். பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் பொருள். கூடவே 167, 279 இருந்தால் டைஎத்தில்ஹெக்ஸில் தாலேட் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மூலிகைச் சாற்றில் 'புதிய சேர்மம் கண்டோம்' என்று வரும் அறிக்கைகளில் இந்த 149-ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கரைப்பான் வைத்திருந்த கேன்தான் நினைவுக்கு வரும். செடி தாலேட்டைச் செய்யவே செய்யாது என்று சொல்லவில்லை. வெற்று ஓட்டத்தை, அதாவது பிளாங்க்கைப் பக்கத்தில் காட்டாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்கிறேன். அந்த பிளாங்க்கும் சும்மா கரைப்பானைச் செலுத்துவது அல்ல. மாதிரி கடந்து வந்த அதே வடிதாள், அதே குடுவை, அதே ஆவியாக்கி என எல்லாவற்றையும் கடந்து வந்த கரைப்பானாக இருக்க வேண்டும்.

கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரே கருவியில் பின்னணி வேறு மாதிரி. 44.026 இடைவெளியில் ஏணிப்படி போல வரிசையாகப் பீக்குகள் நின்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால்: சோப்பு, கைக் கிரீம், மாத்திரையின் பூச்சு. 391.284 அதே பழைய தாலேட், புரோட்டான் ஏறிய வடிவில். 338.34 வந்தால் எருகமைடு, பிளாஸ்டிக் ஒட்டாமல் வழுக்குவதற்காகச் சேர்ப்பது. 445.120 ஆய்வகக் காற்றிலேயே மிதக்கும் சிலாக்ஸேன். இதை ஒழிக்க முடியாது. எப்போதும் இருக்கிறது, அதன் துல்லிய நிறையும் தெரியும் என்பதால் இதையே அளவுத்திருத்தப் புள்ளியாகப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய.

மூலக்கூறு அயனியைக் காணவில்லை

70 எலக்ட்ரான்வோல்ட்டில் எலக்ட்ரானால் அடித்தால் பல மூலக்கூறுகள் முழுதாகத் தப்புவதில்லை. ஆல்கஹால்கள் இதில் மோசம். 1-பியூட்டனாலின் நிறை 74. நிறமாலையில் 74 இருக்கும் இடம் ஏறக்குறைய வெறுமை. கண்ணில் படும் பெரிய பீக் 56, அதாவது தண்ணீரை இழந்த மிச்சம். இதைப் பார்த்துவிட்டு 'பியூட்டீன்' என்று எழுதிவிடுவது எளிது. அங்கே 31-ஐத் தேடுங்கள். ஆக்சிஜனோடு ஒட்டிய ஒற்றைக் கார்பன் துண்டு அது. பியூட்டீனால் அதைத் தர முடியாது, ஏனென்றால் அதில் ஆக்சிஜனே இல்லை.

உச்சத்தில் நிற்கும் பீக் மூலக்கூறு அயனிதானா என்று சோதிக்கக் கழித்தல் கணக்கு போதும். அதிலிருந்து கீழே வரும் அடுத்த பீக்குகள் 15 (மெத்தில்), 18 (தண்ணீர்), 28, 29, 31, 43 போன்ற இழப்புகளைத் தந்தால் நல்லது. 4-லிருந்து 14 வரையோ, 21-லிருந்து 25 வரையோ இழப்பு வந்தால் நம்பாதீர்கள். அந்த எடையில் கழன்று போகக்கூடிய துண்டு சாதாரண கரிமச் சேர்மத்தில் கிடையாது. அப்படியானால் மேலே நிற்பது மூலக்கூறு அயனி அல்ல, அல்லது இரண்டு சேர்மங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன.

அடுத்து நைட்ரஜன் விதி. மூலக்கூறின் நிறை ஒற்றைப்படை என்றால் நைட்ரஜன் அணுக்களும் ஒற்றைப்படை எண்ணிக்கை. இரட்டைப்படை என்றால் நைட்ரஜன் இல்லை, அல்லது இரட்டைப்படை எண்ணிக்கை. காஃபீன் 194, நைட்ரஜன் நான்கு, சரி. அதன் நிறமாலையில் 194 பெரிதாக நிற்கும். அதிலிருந்து 57 போய் 137 வருகிறது. அது மெத்தில் ஐசோசயனேட். பிறகு 28 போய் 109, அது கார்பன் மோனாக்சைடு. இப்படி ஒவ்வோர் இறக்கத்துக்கும் வேதியியலில் பொருள் சொல்ல முடிந்தால்தான் நிறமாலையைப் படித்ததாக அர்த்தம்.

மூலக்கூறு அயனி உண்மையிலேயே இல்லையென்றால் அடிக்கும் விதத்தை மாற்றுங்கள். மீத்தேன் அல்லது அம்மோனியாவைக் கொண்டு மென்மையாக அயனியாக்கும் முறை இருந்தால் அது. இல்லாவிட்டால் டிரைமெத்தில்சிலைல் வழிச்சேர்மம் செய்யுங்கள். ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதிக்கும் நிறை 72 கூடும். 1-பியூட்டனால் 146 ஆகிவிடும். அப்போதும் 146 தெரியாது, ஆனால் மெத்தில் ஒன்றை இழந்த 131 நன்றாக நிற்கும். அதோடு 15-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு தள்ளி இன்னொரு பெரிய பீக்

இது கோளாறே அல்ல, கொடை. குளோரினின் இரண்டு ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்), 35-ம் 37-ம், ஏறக்குறைய 3:1. புரோமின் 79-ம் 81-ம் ஏறக்குறையச் சமம். டைகுளோரோமீத்தேனில் 84, 86, 88 ஆகிய மூன்றும் சுமார் 9:6:1 விகிதத்தில் வரும்: இரண்டு குளோரின். கீழே 49, 51 இரண்டும் 3:1-இல் வரும்: ஒரு குளோரின் மட்டும் மிச்சம். 84-இல் இருந்து 49-க்கு இறங்கியபோது போனது குளோரின்தான் என்பதை விகிதமே சொல்லிவிடுகிறது.

கந்தகம் இருந்தால் இரண்டு தள்ளி 4.4 விழுக்காடு அளவில் சின்னதாக ஒன்று நிற்கும். அவசரத்தில் கண்ணில் படாது. பெரிதாக்கிப் பாருங்கள்.

விகிதம் 3:1-ம் இல்லை, 1:1-ம் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது என்றால் இரண்டு வழி. ஒன்று, மேல் பீக்கில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. இன்னொன்று, அது ஹைட்ரஜன் இரண்டு கூடுதலான உறவுக்காரச் சேர்மம். ஜிசி பீக்கின் முன்பக்கச் சரிவிலிருந்து ஒரு நிறமாலையும், பின்பக்கச் சரிவிலிருந்து ஒரு நிறமாலையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஐசோடோப்பு என்றால் விகிதம் மாறாது. இரண்டு சேர்மம் என்றால் மாறும்.

ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. நான்முனைக் கருவி (நான்கு தண்டுகளின் மின்புலத்தால் அயனிகளை வடிகட்டும் குவாட்ரபோல்) எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை, வரிசையாகத்தான் போகும். ஜிசி பீக் சில நொடிகளில் ஏறி இறங்கிவிடும். ஸ்கேன் மெதுவாக இருந்தால், முன்சரிவில் எடுத்த நிறமாலைக்கும் பின்சரிவில் எடுத்ததற்கும் சேர்மம் ஒன்றே ஆனாலும் சாய்வு வேறுபடும். 84-க்கும் 86-க்கும் நடுவே இந்தச் சாய்வு மிகக் குறைவு. 50-க்கும் 300-க்கும் நடுவே பெரிது. எனவே பக்கத்துப் பக்கத்து எண்களை இந்தச் சோதனைக்கு நம்பலாம். தூரத்து எண்களுக்கு ஸ்கேனை வேகப்படுத்திவிட்டுப் பேசலாம்.

ஒன்று தள்ளி நிற்கும் பீக் கணக்குக்கு மேல் உயரமாக இருக்கிறது

கார்பன்-13 சுமார் 1.1 விழுக்காடு என்பதால், 'எம்+1' பீக்கின் உயரத்தை 1.1-ஆல் வகுத்தால் கார்பன் எண்ணிக்கை வரும் என்பது பாடநூல் கணக்கு. காஃபீனில் எட்டு கார்பனுக்கு 8.8-ம், நான்கு நைட்ரஜனுக்கு ஒன்றரையும் சேர்ந்து பத்துக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். பதினைந்து வந்தால்?

மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். விகிதம் இறங்கினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. உணரி நிறைந்து வழிந்து பெரிய பீக் குட்டையாகப் பதிவாகியிருக்கலாம். அல்லது அயனிப் பொறிக் கருவியில் மூலக்கூறும் அயனியும் மோதி ஒரு ஹைட்ரஜன் கைமாறியிருக்கலாம். நீர்த்தபின்னும் இறங்காவிட்டால்தான் இன்னொரு சேர்மத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

எலக்ட்ரோஸ்ப்ரேயில் எதிர்பாராத எண்கள்: கூடுதலாக 22, 38, 17

காஃபீனைச் செலுத்தினால் 195.0877 வர வேண்டும், புரோட்டான் ஏறியது. கூடவே 217.0696 வந்தால் புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கிறது. 233.0435 என்றால் பொட்டாசியம். இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒரு சோடியத்தைப் பிடித்தால் 411.150. அம்மோனியம் உப்பு கலந்த கரைப்பானில் 17 கூடிய பீக்கும் வரும். நான்கும் நான்கு சேர்மமல்ல, ஒரே காஃபீன்.

இதில் மாணவர்கள் அதிகம் விழும் குழி சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள இடைவெளி. அது 15.974. ஆக்சிஜனின் நிறை 15.995. முழு எண்ணாகப் பார்த்தால் இரண்டுமே 16. 'சேர்மம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது' என்று முடிவுரை எழுதிவிடுவார்கள். துல்லியக் கருவியில் இந்த 0.021 வேறுபாடு பளிச்சென்று தெரியும். சாதாரண நான்முனைக் கருவிதான் கையில் இருக்கிறது என்றால் கரைப்பானில் கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் கூட்டுங்கள், அல்லது மிகக் கொஞ்சம் சோடியம் அசிட்டேட் சேர்த்துப் பாருங்கள். உப்பு ஏறிய பீக்குகளின் உயரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறும். உண்மையான ஆக்சிஜனேற்றப் பொருளுக்குத் தனியாக ஒரு புரோட்டான் பீக் இருக்கும், திரவக் குரோமட்டோகிராஃபியில் வெளிவரும் நேரமும் பெரும்பாலும் வேறாக இருக்கும். சோடியம், பொட்டாசியம், புரோட்டான் மூன்றும் ஒரே நொடியில் ஏறி ஒரே நொடியில் இறங்கினால் ஒரே மூலக்கூறின் மூன்று வேடங்கள்.

எதிர் அயனி முறையில் 35-ம் 37-ம் கூடி 3:1-இல் வந்தால் அது குளோரைடு ஒட்டியது. சர்க்கரைகளில் இது சகஜம்: குளுக்கோஸுக்கு 215, 217. மூலக்கூறுக்குள் குளோரின் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

பாதி எண்ணில் பீக், பின்னத்தில் பீக்

இந்த அறிகுறிக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1912-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் நியான் வாயுவின் நேர்மின் கதிர்களைப் படம் பிடித்தபோது 20-க்கான வளைகோட்டின் பக்கத்தில் 22-க்கு ஒரு மங்கலான கோடு விழுந்தது. நியானின் அணு எடை 20.2. அப்படியானால் 22 என்ன? உடனே தோன்றக்கூடிய விடை கார்பன் டைஆக்சைடு. 44-ஐ இரண்டு மின்னூட்டத்தால் வகுத்தால் 22. தாம்சன் அந்தச் சந்தேகத்தைக் காகிதத்தில் தீர்க்கவில்லை. வாயுவைத் திரவக் காற்றில் குளிர்ந்த குழாய் வழியே செலுத்தி கார்பன் டைஆக்சைடை உறையவைத்து நீக்கினார். 44-க்கான கோடு மங்கியது, 22-க்கானது அசையவில்லை. அது நியானின் இன்னொரு வடிவம். 1919-இல் ஆஸ்டன் தன் நிறைநிரல் வரைவியால் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவினார். இயற்கை நியானில் 22-இன் பங்கு சுமார் 9.25 விழுக்காடு.

வேடிக்கை என்னவென்றால், தாம்சனின் சந்தேகம் தவறான சந்தேகமும் அல்ல. இன்றைக்கும் பாறைகளில் உள்ள நியானை அளக்கும் ஆய்வகங்களில் இரட்டை மின்னூட்டம் பெற்ற கார்பன் டைஆக்சைடு 22-இலும், இரட்டை மின்னூட்ட ஆர்கான் 20-இலும் வந்து தொல்லை தருகின்றன. அவற்றைக் கழித்துத்தான் விடை எழுதுகிறார்கள்.

உங்கள் ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஐசோடோப்புகளின் இடைவெளியைப் பாருங்கள். ஒற்றை மின்னூட்டம் என்றால் ஒன்று. இரட்டை என்றால் அரை. மூன்று என்றால் மூன்றில் ஒன்று. பைரீனின் நிறை 202. பல வளைய அரோமாட்டிக் என்பதால் இரண்டு எலக்ட்ரான்களை இழந்தும் உடையாமல் நின்று 101-இல் ஒரு பீக் தரும். அதன் பக்கத்தில் 101.5-இல் ஒன்று இருந்தால் சந்தேகம் தீர்ந்தது, அது 203-இன் பாதி. மென்பொருள் எல்லாவற்றையும் முழு எண்ணுக்குத் திருத்திக் காட்டும்படி அமைத்திருந்தால் இந்த அரை கண்ணில் படவே படாது. அந்த அமைப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

புரதங்களில் மின்னூட்டம் பத்து, பதினைந்து என்று ஏறும்போது ஐசோடோப்பு இடைவெளியைப் பிரித்துக்காட்டக் கருவியால் முடியாமல் போகலாம். அப்போது அடுத்தடுத்த இரண்டு பீக்குகள் போதும். 1431.5, 1590.5 என்று இரண்டு நிற்கின்றன, நடுவில் ஒரு புரோட்டான்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய எண்ணிலிருந்து புரோட்டானின் 1.007-ஐக் கழித்து, இடைவெளியான 159-ஆல் வகுத்தால் 9. ஆகவே 1590.5-இல் இருப்பது ஒன்பது மின்னூட்டம். 1590.5-ஐ 9-ஆல் பெருக்கி ஒன்பது புரோட்டான்களைக் கழித்தால் சுமார் 14,305: கோழிமுட்டையின் லைசோசைம். வகுத்தபோது 9-க்குப் பதில் 8.6 வந்தால் அந்த இரண்டு பீக்கும் ஒரே புரதத்தின் அடுத்தடுத்த பீக்குகள் அல்ல. இணையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது என்கிறது கருவி, நம்புவதா?

பிளாஸ்மாவால் தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்கு உரிய சிக்கல் இது. ஆர்சனிக்குக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான், 75. பிளாஸ்மா ஆர்கானால் ஆனது. மாதிரியில் உப்பு இருந்தாலோ, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்திருந்தாலோ, ஆர்கான் 40-ம் குளோரின் 35-ம் ஒட்டிக்கொண்டு அதே 75-இல் வந்து உட்காரும். கடலோரக் கிணற்று நீரில் இல்லாத ஆர்சனிக் இருப்பதாகக் காட்ட இதுவே போதும்.

முதல் சோதனை: ஆர்சனிக் துளியும் இல்லாத தண்ணீரில் அதே அளவு உப்பைக் கரைத்து ஓட்டுங்கள். 75 ஏறினால் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது, 77-ஐப் பாருங்கள். ஆர்கானும் குளோரின் 37-ம் சேர்ந்தது அங்கே வரும். ஆனால் செலீனியத்துக்கும் 77 உண்டு, அதனால் 82-ஐயும் பார்த்துச் செலீனியத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். கருவியில் மோதல் அறை இருந்தால் ஹீலியத்தைச் செலுத்துங்கள். பருத்த மூலக்கூறு அயனி அதிகம் மோதி ஆற்றலை இழந்து வடிகட்டப்படும், ஒற்றை அணு தப்பி வரும். ஆக்சிஜன் செலுத்த வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆர்சனிக் ஆக்சைடாகி 91-க்கு நகர்ந்துவிடும், அங்கே இந்தத் தொல்லை இல்லை. இரும்பின் 56-இல் ஆர்கான்-ஆக்சிஜன் வந்து உட்காருவதும் இதே கதைதான்.

நான்காம் தசமத்தில் இடிக்கிறது

எல்லா பீக்குகளும் ஒரே திசையில், ஒரே பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் தள்ளியிருந்தால் கருவியின் அளவுத்திருத்தம் நகர்ந்திருக்கிறது. அயனி குழாயைக் கடக்கும் நேரத்தால் நிறையை அளக்கும் பறப்பு நேரக் கருவிகளில் அறையின் வெப்பம் மாறினாலே குழாய் நீண்டு இது நடக்கும். ஏசி நின்ற நாளின் தரவு என்றால் முதலில் தெரிந்த பின்னணி பீக் ஒன்றை வைத்துச் சரிபாருங்கள்.

எல்லாமே சரியாக 0.0005 தள்ளியிருந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். அயனியின் நிறையைக் கணக்கிடும்போது போன எலக்ட்ரானைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். காஃபீனில் இது ஏறக்குறைய 2.8 பிபிஎம். 0.1 அளவில் தள்ளியிருந்தால் சராசரி அணு எடையைப் போட்டிருப்பீர்கள்: காஃபீனுக்கு புட்டியின் மேல் எழுதியிருக்கும் 194.19, கருவி பார்ப்பதோ லேசான ஐசோடோப்புகளின் 194.08.

ஒரே ஒரு பீக் மட்டும் தள்ளியிருந்தால் அங்கே இரண்டு அயனிகள் ஒட்டிக்கிடக்கலாம். கார்பன் மோனாக்சைடு 27.9949, நைட்ரஜன் 28.0061, எத்திலீன் 28.0313. முதல் இரண்டையும் பிரிக்கச் சுமார் 2500 பிரிதிறன் (நிறையை நிறை வேறுபாட்டால் வகுத்த எண்) வேண்டும். அது இல்லாத கருவி இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண்ணில் எந்த மூலக்கூறும் இல்லை.

நூலகம் 95 விழுக்காடு பொருத்தம் என்கிறது, பெயர் மட்டும் பொருந்தவில்லை

கருவியின் நிறமாலை நூலகம் தரும் பொருத்த எண் நிகழ்தகவு அல்ல. வடிவ ஒற்றுமை மட்டுமே. மூன்று சைலீன்களும் 91, 106 என்று ஏறக்குறைய ஒரே நிறமாலையைத் தரும். வாசனை எண்ணெய்களில் வரும் மோனோடெர்பீன்களில் பலவற்றுக்கு 93-ம் 136-ம் பொது. எந்தப் பெயர் பட்டியலின் தலையில் வருகிறது என்பது அன்றைய இரைச்சலைப் பொறுத்தது. வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டு நிறுத்தக் குறியீட்டைக் கணக்கிடாமல் ஐசோமரின் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) பெயரை எழுதக் கூடாது என்பது என் கறாரான கருத்து. அதைச் செய்ய நேரமில்லையென்றால் 'ஒரு மோனோடெர்பீன்' என்று எழுதுங்கள், அது பொய் ஆகாது.

துகள்களின் நிறை வரைபடத்தில் ஒரு மேடு

இங்கே பீக் என்பது ஓர் அயனி அல்ல. பிறந்த உடனே சிதைந்துவிட்ட துகளின் பிள்ளைகளை உணரியில் பிடித்து, அவற்றின் ஆற்றல்களையும் உந்தங்களையும் தனித்தனியே கூட்டி, ஆற்றலின் வர்க்கத்திலிருந்து உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் தாயின் நிறை. இலட்சக்கணக்கான மோதல்களுக்கு இதைச் செய்து வரைந்தால் உண்மையான தாய் இருக்கும் இடத்தில் மேடு எழும்.

மேடு கருவியால் வந்ததா? 1974-இல் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங்கின் குழு எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகளில் 3.1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (இங்கே நிறையையும் ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள்) இடத்தில் கூர்மையான ஒரு மேட்டைப் பார்த்தது. அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று காந்தங்களின் மின்னோட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்து மறுபடி அளந்தது. துகள்கள் இப்போது உணரியின் வேறு பகுதிகளில் விழும். கருவியின் கோளாறு என்றால் மேடு நகர வேண்டும். நகரவில்லை. அதே சமயம் ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டரின் குழுவும் வேறு வழியில் அதையே கண்டது. ஜே/சை துகள் அது. இருவருக்கும் 1976-இல் நோபல்.

மேடு சரியான எண்ணில் இல்லையா? தெரிந்த துகள்களை வைத்துத் திருத்துங்கள்: குறுவாழ்வுக் கேயான் 497.6 மெகா எலக்ட்ரான்வோல்ட், ஜே/சை 3.097 ஜிகா, இசட் 91.19 ஜிகா. அந்த இசட் எண்ணே சும்மா கிடைத்ததல்ல. செர்னின் 27 கிலோமீட்டர் எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் வளையமான லெப்பை நிலவின் ஈர்ப்பு சுமார் ஒரு மில்லிமீட்டர் நீட்டிச் சுருக்கியது, கற்றையின் ஆற்றல் சுமார் 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆடியது. அதைத் திருத்திய பிறகும் பகலில் ஓர் இரைச்சல் மிஞ்சியது, நள்ளிரவுக்குப் பின் அடங்கியது. பக்கத்து ரயில் பாதையிலிருந்து கசிந்த மின்னோட்டம் வளையத்தின் உலோகக் குழாய் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

மேடு தற்செயலா? 1976-இல் ஃபெர்மிலாபில் 6 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே ஒரு மேட்டைக் கண்டு 'உப்சிலான்' என்று பெயரும் வைத்தார்கள். தரவு கூடியதும் அது கரைந்தது. அடுத்த ஆண்டு அதே லியோன் லெடர்மனின் குழு 9.5 அருகே உண்மையான ஒன்றைக் கண்டது, பெயர் அதற்குப் போனது. 2015 டிசம்பரில் செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரண்டு ஆய்வுக் குழுக்களும் ஒளித்துகள் இணைகளில் 750 ஜிகா அருகே லேசான மேட்டைக் காட்டின. விளக்கம் சொல்லிக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவில் ஒன்றும் இல்லை. நூறு இடங்களில் தேடினால் ஓரிடத்திலாவது நூற்றில் ஒன்று வாய்ப்புள்ள மேடு தென்பட வாய்ப்பு அதிகம். தேடிய இடங்களின் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் அதன் வலுவைச் சொல்ல வேண்டும். 2012-இல் ஹிக்ஸ் 125-இல் வந்தபோது இரண்டு குழுக்களும் இரண்டு ஒளித்துகள் வழியிலும் நான்கு லெப்டான் (எலக்ட்ரான் அல்லது மியூவான்) வழியிலும் ஒரே இடத்தில் பார்த்தன. இந்த வித்தியாசம் முக்கியம்.

மேடு வேறொன்றின் நிழலா? பையானைப் புரோட்டான் என்று தவறாக எண்ணிக் கணக்குப் போட்டால், தெரிந்த கேயான் ஒன்று புது முகத்தோடு வேறிடத்தில் பரவித் தெரியும். சந்தேகத்துக்குரிய நிகழ்வுகளை மட்டும் எடுத்து, பிள்ளைகளின் அடையாளத்தை மாற்றிப் போட்டு மறுபடி நிறையைக் கணக்கிடுங்கள். 497.6-இல் கூர்மையாகக் குவிந்தால் அது இரண்டு பையான்களாகச் சிதைந்த கேயான்தான், புரோட்டானும் பையானுமாகச் சிதையும் லாம்டா துகள் அல்ல. கடைசியாக, ஒரே மின்னூட்டம் கொண்ட இணைகளையும், வெவ்வேறு மோதல்களிலிருந்து எடுத்துச் சேர்த்த இணைகளையும் வைத்து அதே வரைபடத்தை வரையுங்கள். மின்னூட்டமற்ற தாயிலிருந்து இவை வந்திருக்க முடியாது. மேடு இவற்றிலும் அதே இடத்தில் எழுந்தால் குற்றம் உங்கள் தேர்வு விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு விதியாக எடுத்துவிட்டு, எதை எடுத்ததும் மேடு சரிகிறது என்று பாருங்கள்.